திங்கட்கிழமை காலையிலும் ஆண்டவர்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கர்த்தர் கூடவே இருக்கிறார் என்று விசுவாசிக்கிறோம். ஆனால் வீட்டுவேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் அந்த விசுவாசம் எங்கே ஒளிந்துகொள்கிறது? முகவுரை இல்லாமல் பதிலுக்குப் போகிறோம். வசனங்கள் பழைய திருப்புதல் என்ற தமிழ் வேத மொழிபெயர்ப்பின்படி.

கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள். திருமணத்துக்கு முன் தினமும் ஒரு மணி நேரம் தனி ஜெபம் செய்வேன். இப்போது பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஆண்டவரை விட்டுத் தூரமாகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. – ஓர் இளம் தாய்

சகோதரி, முதலில் அந்த ஒரு மணி நேரத்தைத் தேடுவதை விடுங்கள். இன்னும் சில வருடங்களுக்கு அது கிடைக்காது. கிடைக்காததையே எண்ணி ஏங்குவதால், கையில் கிடைக்கிற நான்கு நிமிடமும் வீணாகிறது.

நெகேமியா 2-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 'நீ கேட்கிற காரியம் என்ன?' என்று ராஜா கேட்கிறான். நெகேமியா பதில் சொல்ல வாய் திறப்பதற்கு முன் 4-ஆம் வசனத்தில் ஒரு வரி வருகிறது: 'அப்பொழுது நான் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி'. ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுத்துவிட்டு அவன் முன்னால் நிற்கிற பானபாத்திரக்காரன் கண்ணை மூடியிருக்க முடியாது, முழங்கால்படியிட்டிருக்கவும் முடியாது. ஒரு மூச்சு நேரம்தான். எகிப்து வனாந்தரத்துத் துறவிகள் இப்படி மிகச் சுருக்கமான ஜெபங்களை அடிக்கடி, சட்டென்று எய்வதுபோல் ஏறெடுத்தார்கள் என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகஸ்டின் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார்: ஜெபம் நீண்டால் கவனம் மழுங்கிவிடும்.

இதைப் பழகும் முறை எளிது. ஒரு நாளில் நீங்கள் செய்யாமல் இருக்கவே முடியாத ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பால் கொடுக்க உட்காருவது, கை கழுவக் குழாயைத் திறப்பது, இரவில் கதவைத் தாழிடுவது, எதுவானாலும் சரி. ஒன்றே ஒன்று போதும். அந்த வேலையோடு ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள். அது ஒரே மூச்சில் அடங்க வேண்டும். ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம். அதில் 'நீர்' அல்லது 'உம்' என்று நேராக அவரைக் கூப்பிடும் சொல் இருக்கட்டும், ஏனென்றால் ஆண்டவரைப் பற்றி யோசிப்பது வேறு, ஆண்டவரிடம் பேசுவது வேறு. 'கர்த்தாவே, நீர் இங்கே இருக்கிறீர்' என்பதே தாராளம். கை அந்த வேலையைத் தொடும்போதே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு சொல்லலாம் என்று வைத்தால் அதற்குள் பிள்ளை அழும். இரண்டு வாரம் அந்த ஒன்றோடு நில்லுங்கள். பிறகு இரண்டாவது வேலை, அதன் பிறகு மூன்றாவது. அதற்கு மேல் கூட்ட வேண்டாம்.

இது எங்கே கெடுகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். உற்சாகத்தில் ஒரே நாளில் பத்து வேலைகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். கைபேசியில் அலாரம் வைப்பவர்களுக்கு, அது எப்போதும் வேறொரு வேலையின் நடுவில்தான் அடிக்கிறது. நாலாவது நாளிலிருந்து விரல் தானாக அதை அணைத்துவிடும். தினமும் வாக்கியத்தை மாற்றினால் அது நாக்கில் பதியாது. சில வாரங்களில் வாய் மட்டும் சொல்கிறது, மனம் எங்கோ இருக்கிறது என்று தோன்றும். அப்போது நிறுத்திவிடாதீர்கள், சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். பெரும்பாலும் அது போதும்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடத்தின் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் ஜெப நேரத்தின் அமைதியோடு இருந்தார் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தின் முதல் பத்து ஆண்டுகளில் மிகவும் தவித்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்தப் பத்து ஆண்டுகளை மட்டும் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நெகேமியாவின் அந்த ஒரு மூச்சு ஜெபத்துக்குப் பின்னால் கிஸ்லேவு மாதம் தொடங்கி நிசான் வரை ஏறக்குறைய நான்கு மாதக் காலமும், அதில் செய்த உபவாசமும் மன்றாட்டும் இருக்கின்றன (1-ஆம் அதிகாரம்). உட்கார்ந்து ஜெபிக்கும் நேரம் அறவே இல்லாமல் போனால் இந்தச் சிறு ஜெபங்களும் வற்றிவிடும். அதனால் ஒரு நாளில் ஒருமுறை, ஏழு நிமிடமானாலும், ஒரு சங்கீதத்தில் ஆறேழு வசனம் மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். குழந்தை மடியில் இருக்கும்போதே வாசிக்கலாம். அது கேட்கிற முதல் வேதவாசிப்பு அதுவாக இருக்கட்டும்.

ஆராதனையில் பாடும்போது கண்ணீர் வருகிறது, பிரசன்னத்தை உணர்கிறேன். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை. எது நிஜம்? – கல்லூரி மாணவர்

இரண்டுமே நிஜம். தம்பி, இசையும், நூறு பேர் சேர்ந்து பாடுவதும் மனித மனத்தை அசைக்கும். அது படைப்பின் இயல்பு, அதில் தவறு இல்லை. எலிசாகூட ஒருமுறை சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்துவரச் சொன்னார் (2 இராஜாக்கள் 3:15). ஆனால் அந்த அசைவை அளவுகோலாக்கிவிட்டால், வாத்தியம் நின்றதும் ஆண்டவரும் போய்விட்டார் என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள்.

யாக்கோபு பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தபோது ஒன்றும் உணரவில்லை. விழித்த பிறகுதான், 'மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார். இதை நான் அறியாதிருந்தேன்' என்கிறான் (ஆதியாகமம் 28:16). அவன் அறியாமல் படுத்திருந்த நேரத்திலும் கர்த்தர் அங்கேதான் இருந்தார்.

வீட்டில் செய்ய வேண்டியது: மௌனமாக உட்கார்ந்து எதையாவது உணரக் காத்திருக்காதீர்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது சோர்வைத்தான் தரும். வாய்விட்டு ஒரு சங்கீதம், அதில் மனத்தைத் தொட்ட ஒரு வரி, அந்த வரியையே ஜெபமாக மாற்றி இரண்டு மூன்று வாக்கியம், பிறகு ஒரு நிமிடம் சும்மா இருப்பது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். பலித்ததா என்று அன்றே பார்க்காதீர்கள். மூன்று மாதம் கழித்து வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், உங்கள் கோபம் குறைந்திருக்கிறதா என்று. கலாத்தியர் 5:22-இல் உள்ள ஆவியின் கனிப் பட்டியலில் புல்லரிப்பு இல்லை. நீடிய பொறுமை இருக்கிறது.

ஏழெட்டு மாதமாக ஜெபமே வறண்டுவிட்டது. வேதம் வெறும் எழுத்தாகத் தெரிகிறது. ஏதோ பாவத்தினால்தான் ஆண்டவர் முகத்தை மறைத்துவிட்டார் என்று ஒரு ஊழியர் சொன்னார். பாவம் எது என்று தேடித் தேடிக் களைத்துவிட்டேன். – ஞாயிறு பள்ளி ஆசிரியை

அம்மா, அந்த ஊழியர் சொன்னது வறட்சிக்கான காரணங்களில் ஒன்று மட்டுமே. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மருந்து தர முடியாது. வரிசையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் உடம்பு. 1 இராஜாக்கள் 19-இல் எலியா சாவை வேண்டிக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, கர்த்தர் உடனே பேசவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். 'அமர்ந்த மெல்லிய சத்தம்' 12-ஆம் வசனத்தில்தான் வருகிறது, நாற்பது நாள் நடைக்கும் பிறகு. உங்கள் தூக்கம் எப்படி? தைராய்டு, ரத்தசோகை, மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவை மனத்தையும் மந்தமாக்கும். ஜெபத்தில் மட்டும் அல்ல, பிடித்த எதிலும் ருசி இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; மருத்துவரிடம் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

அடுத்தது பாவம். 'உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது' என்று ஏசாயா 59:2 சொல்வது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து படியுங்கள்: இரத்தக்கறை படிந்த கை, பொய் பேசும் உதடு, நியாயம் தள்ளப்பட்ட வழக்கு என்று எல்லாமே பெயரும் முகவரியும் உள்ள குற்றங்கள். ஆவியானவர் உணர்த்தும் பாவத்துக்குப் பெயர் இருக்கும். இன்னாரிடம் சொன்ன இந்தப் பொய், திருப்பிக் கொடுக்காத இந்தக் கடன் என்று இருக்கும். அதற்குச் செய்ய வேண்டியதும் கூடவே தெரியும். பெயரே இல்லாமல் 'ஏதோ தப்பு' என்று மூட்டமாக அழுத்துவது பெரும்பாலும் அந்த வகை அல்ல. அரை மணி நேரம் நேர்மையாகத் தேடுங்கள். கிடைத்தால் அறிக்கையிட்டுச் சரிசெய்யுங்கள். கிடைக்காவிட்டால் தேடுவதை நிறுத்துங்கள். ஏழு மாதம் தோண்டத் தேவையில்லை.

உடம்பும் சரி, மனச்சாட்சியும் சரி என்றால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் ஸ்பானியத் துறவி சிலுவையின் யோவான் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். ஜெபத்திலும் ருசியில்லை, உலகக் காரியங்களிலும் ருசியில்லை. ஆனாலும் ஆண்டவருக்கு ஏற்றபடி வாழவில்லையே என்ற கவலை மனத்தை விடுவதில்லை. முன்புபோல் யோசித்து, கற்பனை செய்து தியானிக்க முடியவில்லை. இம்மூன்றும் சேர்ந்து இருந்தால் அது பின்வாங்கிப் போனதன் அடையாளம் அல்ல என்கிறார். பின்வாங்கிப் போனவருக்கு இப்படிக் கடிதம் எழுதும் கவலை இருக்காது. (முதல் அடையாளம் மனச்சோர்வுக்கும் பொருந்துவதால்தான் உடம்பை முதலில் பார்க்கச் சொன்னோம்.)

இந்தக் காலத்தில் என்ன செய்வது? இயேசு சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸ் தரும் விதிகளில் இரண்டு மிகவும் உதவும். ஒன்று, வறட்சியில் இருக்கும்போது பழைய தீர்மானங்களை மாற்றக்கூடாது. ஞாயிறு பள்ளி வகுப்பை இப்போது விடாதீர்கள், சபையை மாற்றாதீர்கள். மற்றொன்று, ஜெப நேரத்தைக் குறைக்கத் தோன்றும்போது, குறித்த நேரத்துக்குச் சற்றே அதிகமாக இருந்துவிட்டு எழுவது. பதினைந்து நிமிடம் என்றால் பதினாறு. சொந்தச் சொற்கள் வராவிட்டால் இரவல் சொற்களை எடுங்கள்: கர்த்தருடைய ஜெபம், சங்கீதம் 13, 42, 88. இதில் 88-ஆம் சங்கீதம் நம்பிக்கையான ஒரு திருப்பம்கூட இல்லாமல், 'எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்' என்று முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஜெபிக்கலாம் என்பதற்கு வேறு அனுமதி தேவையில்லை.

அன்னை தெரேசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் வெளியானபோதுதான், அவர் பல பத்தாண்டுகளாக ஜெபத்தில் ஒன்றும் உணராமலே இருந்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அந்தக் காலம் முழுவதும் அதிகாலை ஜெபத்தையும் அவர் விடவில்லை, நோயாளிகளையும் விடவில்லை.

ஜெபத்தில் மனம் அலைகிறது. என்ன செய்தும் நிற்கவில்லை. – ஒரு வாசகர்

நிற்காது. அலைந்தது தெரிந்ததும் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் விட்ட வரிக்குத் திரும்புங்கள். திட்டுவதே அடுத்த அலைச்சல். திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வந்தால் (கடன், மகளின் தேர்வு) அதைத் துரத்தாமல் அதையே ஜெபமாக்குங்கள். செய்ய வேண்டிய வேலை ஞாபகம் வந்தால், பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வேதம் வாசிப்பவர்கள் அதை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். ஜெபத்தைப் பற்றி நூல்கள் எழுதிய ஸ்பானியத் துறவி அவிலாவின் தெரேசாவே சில ஆண்டுகள் ஜெப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காத்திருந்ததாக எழுதியிருக்கிறார்.

காலையில் ஜெபம் செய்துவிட்டுத்தான் அலுவலகம் போகிறேன். மாலை திரும்பும்போதுதான் ஆண்டவர் நினைவே வருகிறது. – கணக்குப் பிரிவு ஊழியர்

முன்னோக்கி நினைவு வைத்துக்கொள்வதைவிடப் பின்னோக்கிப் பார்ப்பது எளிது. அதிலிருந்து தொடங்குங்கள். இரவில் பன்னிரண்டு நிமிடம் போதும். இக்னேஷியஸ் கற்றுக்கொடுத்த ஐந்து படிகள் இவை. அன்றைக்குக் கிடைத்தவற்றுக்கு நன்றி, இரண்டு நிமிடம். உண்மையைப் பார்க்க வெளிச்சம் கேட்பது, ஒரு நிமிடம். அன்றைய பொழுதை மணிவாரியாகத் திருப்பிப் பார்ப்பது, ஆறு நிமிடம். மன்னிப்பு, இரண்டு. நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம், ஒரு நிமிடம்.

மூன்றாவது படியில்தான் விஷயம் இருக்கிறது. குறிப்பேட்டில் இப்படி எழுதலாம்: '9 மணி, அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்கள், எரிச்சல். 11 மணி, புதிதாக வந்தவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தேன், மனம் லேசாக இருந்தது. 4 மணி, வராத கோப்பு வந்துவிட்டது என்று சொன்னேன்.' இந்த மூன்று இடத்திலும் ஆண்டவர் எந்தப் பக்கமாக வந்தார், நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதம் ஆனதும், 11 மணி வேலை நடக்கும்போதே 'இது அவர்' என்று தெரியத் தொடங்கும். 4 மணிப் பொய் வாயில் வரும்போதே தடுமாறும்.

படுக்கையில் படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாவது படியில் தூங்கிவிடுவீர்கள்; நாற்காலியில் உட்காருங்கள். நாலைந்து வரிக்கு மேல் எழுதினால் அது நாட்குறிப்பாகிவிடும். நன்றிக்கு நேரம் குறைந்து மன்னிப்புக்கு நேரம் கூடிக்கொண்டே போனால், இதை நீதிமன்றமாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். சின்னச் சின்னத் தவறுக்கும் நடுங்கும் சுபாவம் உள்ளவர்கள் முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் செய்துவிட்டு, மற்றதை நம்பகமான போதகரோடோ ஆன்ம குருவோடோ பேசட்டும்.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல்பட்ட வசனத்தை ஆண்டவர் தந்த பதிலாக எடுத்துக்கொள்கிறேன். சரியா? வேலை மாறுவது பற்றி முடிவெடுக்க வேண்டும். – ஒரு வாசகி

வேண்டாம் சகோதரி. வேதம் சீட்டுக்கட்டு இல்லை. பிடிக்காத வசனம் வந்தால் மறுபடி திறப்போம்; அந்த இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிடும், முடிவை நாம்தான் எடுக்கிறோம் என்று. சம்பளம், பயண நேரம், குடும்பத்தின் தேவை, அந்த வேலையில் பொய் சொல்ல வேண்டியிருக்குமா என்பதையெல்லாம் தாளில் எழுதி, தாளோடு ஜெபியுங்கள். உங்களுக்கு 'ஆமாம்' போடாத ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். அவசரப்படுத்துகிற, பயமுறுத்துகிற, 'யாரிடமும் சொல்லாதே' என்கிற உள்குரலை இரண்டு வாரம் காக்க வையுங்கள். ஆண்டவருடையதானால் அது காத்திருக்கும்.

உடன்பிறந்தவரோடு சொத்துத் தகராறு. ஜெபிக்க உட்கார்ந்தால் அவர் முகம்தான் வருகிறது. – ஒரு வாசகர்

அந்த முகம் வருவதே ஜெபத்தின் பதிலாக இருக்கலாம். மத்தேயு 5:23, 24-இல், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. பங்கை விட்டுக்கொடு என்று அங்கே சொல்லவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் பேச்சை நிறுத்தாமல் இருக்கலாம். இந்த வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு: சொத்தைப் பற்றிப் பேசாமல், உடம்பு எப்படி என்று மட்டும் கேட்டு, ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுங்கள். அவர் எடுக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு முறை. அடி உதை, மிரட்டல் இருக்கிற இடத்துக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு; மன்னிப்பதற்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டிய அவசியமில்லை.

படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு என்ன ஜெபிப்பது என்றே தெரியவில்லை. வார்த்தை வரவில்லை. – ஒரு மகன்

ரோமர் 8:26 உங்களுக்காகவே இருக்கிறது; 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு' ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார். அம்மா அருகில் நின்றுகொண்டு பேசாமல், அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு 23-ஆம் சங்கீதத்தை நிதானமாகச் சொல்லுங்கள். வாக்கியத்துக்கு ஒரு மூச்சு விடுங்கள். பதில் வராவிட்டாலும் அவர் கேட்கிறார் என்றே எண்ணிப் பேசுங்கள். நீளமான ஜெபம் நோயாளியைக் களைப்பாக்கும். இரண்டு நிமிடம் போதும், வேண்டுமானால் ஒரு நாளில் நான்கு தடவை. உதட்டை ஈரமாக்குவதும், படுக்கை விரிப்பை மாற்றுவதும் ஜெபத்துக்கு இடையூறு என்று நினைக்காதீர்கள். மத்தேயு 25:40 அதையும் அவர் கணக்கில்தான் வைக்கிறது.

ஆறு வயது மகனிடம் 'சாமி பார்த்துக்கொண்டே இருக்கிறார்' என்று சொல்லித்தான் அடக்குகிறோம். இப்போது இருட்டில் பயப்படுகிறான். – ஒரு தந்தை

ஆண்டவரைக் காவல்காரராக்கிவிட்டால் பிள்ளை பயப்படத்தான் செய்யும். 'நீர் என்னைக் காண்கிற தேவன்' என்று வேதத்தில் முதன்முதலில் சொன்னவள் ஆகார் (ஆதியாகமம் 16:13). கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போன ஒரு கர்ப்பிணி அடிமைப்பெண். பார்க்கிறார் என்பது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்கு அந்த வாக்கியத்தைக் கண்டிக்கும்போது பயன்படுத்தவே கூடாது என்று இருவரும் முடிவு செய்யுங்கள். தவறு செய்தால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று உங்கள் பெயரிலேயே கண்டியுங்கள். அதே வாக்கியத்தை அவன் விழுந்து முழங்கால் சிராய்த்தபோதும், தம்பிக்குப் பொம்மையைக் கொடுத்தபோதும் சொல்லுங்கள். இரவில் விளக்கணைத்த பின் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கீதம் 4:8-ஐச் சொல்லிக்கொடுங்கள்: 'சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்'. முதல் வாரம் அவன் தூங்கும்வரை அறையிலேயே இருங்கள். அடுத்த வாரம் கதவுக்கு வெளியே உட்காருங்கள், சத்தம் கேட்கிற தூரத்தில்.